கோட்டுக்குள் ஒரு நாற்காலி

என் வாழ்நாளில் எனக்கு ஏற்பட்ட ஒரே விளையாட்டுக் காயம் இசை நாற்காலியில் ஏற்பட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதை நான் விரும்பவில்லை.

திண்டுக்கல்லில் நூலக வார விழா. பணியாளர்களுக்கான போட்டி. பாட்டு நின்றதும், எனக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறது என்று முழுமனதாக நம்பி உட்கார்ந்தேன். அதற்குள் பக்கத்துக் கிளை நூலகத்து அம்மாள் அதைக் காலால் தன் பக்கம் இழுத்திருந்தார். நான் உட்கார்ந்தது காற்றில். காற்று எவ்வளவு நேரம் தாங்கும்? அடுத்து சிமெண்டுத் தரை. வால் எலும்பில் விரிசல். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர், "எப்படி ஆச்சு?" என்றார். "விளையாடும்போது" என்றேன். "என்ன விளையாட்டு?" கபடி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். என் வயிற்றைப் பார்த்தவர் நம்பமாட்டார் என்பதால் உண்மையைச் சொன்னேன். அவர் எக்ஸ்ரேயால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

நூலகர் என்பவன் உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிறவன். அப்படிப்பட்டவனிடம் டாக்டர் சொன்னது: "கொஞ்ச நாளைக்கு உட்காராதீங்க."

செய்தி பரவியது. "சாருக்கு விளையாட்டுல பலத்த அடியாம்" என்று வாய்க்கு வாய் போய், ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு கல்லூரியை எட்டியபோது, நாற்காலி வழியில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. அந்தக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், நீங்க பிளேயர்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சே! எங்க விளையாட்டு விழாவுக்கு நீங்கதான் சிறப்புரை. தலைப்புகூட வச்சுட்டோம். தேசத்தைச் செதுக்கிய விளையாட்டு." நான் மறுத்திருக்கலாம். ஆனால் என்னைப் பிளேயர் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

இரண்டு வாரம் படித்தேன். அரண்மனைகளில் மல்லர்களை வைத்துச் சோறு போட்ட ராஜாக்கள்; வேலி போட்ட மைதானத்தில் கிரிக்கெட் ஆடிய வெள்ளைக்காரர்கள்; வேலிக்கு வெளியே விழுந்த பந்தை எடுத்து எறிந்துகொண்டிருந்தவர்கள் ஒருநாள் உள்ளே வந்து அவர்களையே தோற்கடித்தது; ஓடத் தெரிந்த காலுக்காகவே வேலை கொடுத்த மில்களும் ரயில்வேயும்; ஒருவர் கையால் ஒருவர் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள், கபடி என்று வந்துவிட்டால் இடுப்பைக் கட்டிப் புரண்டாக வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு மேடை ஏறினேன். மூன்றாவது நிமிடத்தில் ஓர் அம்மாளின் ஞாபகம் வந்தது. மீதி நேரம் முழுக்க அவரைப் பற்றித்தான் பேசினேன்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊரில் எல்லோரும் 'சேர் அக்கா' என்றுதான் சொல்வார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொடைரோட்டுக்கு இந்தப் பக்கம், மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவிலிருந்த ஓர் ஊரின் கிளை நூலகத்தில் என்னைப் போட்டார்கள். ஊர்ப் பொதுத்திடலான மந்தையை ஒட்டி ஓர் அறை. நாலு பீரோ புத்தகம். ஒரு நீள மேஜை. ஒரு டஜன் இரும்பு நாற்காலிகள். அரசாங்கச் சொத்து என்பதற்கு அடையாளமாக ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்புப் பெயிண்டில் எண். ஊரிலேயே ஆட்டம் காணாத நாற்காலிகள் அவைதான் என்பதால், கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். புத்தகம் கேட்டு வந்தவர்களைவிட நாற்காலி கேட்டு வந்தவர்கள் அதிகம்.

அந்த மேஜையைச் சுற்றிக் காலையில் செய்தித்தாள் படிக்க ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். நடுநாயகமாக ஒரு பெரியவர். பூந்தோட்டக்காரர். இரண்டு காதும் பழைய கபடிக்காரர்களுக்கே உரிய வகையில் மடங்கித் தடித்திருக்கும். வலது முழங்கால் மடங்காது. காலை நீட்டித்தான் உட்காருவார். பொங்கல் விளையாட்டுக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். அவர் தலைவரான பிறகுதான் கமிட்டியே உண்டானது.

சேர் அக்கா அவருடைய மூத்த மருமகள்.

வீட்டு வேலை முடிந்து, பூ எடுத்து முடிந்து, பத்து மணிவாக்கில் வருவார். வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை படித்துக்கொண்டிருந்தார். பத்திரிகையை எடுத்துக்கொண்டு வாசல் நிலையில் சாய்ந்து, ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தை வைத்து, கண்மாயில் நிற்கும் கொக்கு மாதிரி நின்றபடியே படிப்பார். நான் வந்த புதிதில், "உக்காந்து படிங்கக்கா" என்றேன்.

"இருக்கட்டும் சார். இந்தா கெளம்பிட்டேன்."

கிளம்ப அரைமணி நேரம் ஆகும். மறுநாளும் அதே நிலை, அதே கொக்கு, அதே "இந்தா கெளம்பிட்டேன்." மாமனார் அறைக்குள் இருப்பதால் நிற்கிறார் என்று புரிய எனக்குச் சில நாள் ஆனது. மாமனார் வராத நாளிலும் நின்றுகொண்டுதான் படித்தார் என்பது புரிய இன்னும் சில நாள். மேஜையில் இருந்தவர்களில் ஒருவர் சின்ன மாமனார், ஒருவர் கொழுந்தனார், ஒருவர் கணவனின் தாய்மாமன். உறவு இல்லாத ஆண் என்று அங்கே இருந்தவன் நான் ஒருவன்தான். என்னையும் சார் என்ற கணக்கில் சேர்த்துவிட்டார்.

ஒருமுறை திண்டுக்கல் போகும் பேருந்தில் பார்த்தேன். பாதி இருக்கைகள் காலி. இவர் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார். கண்டக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏக்கா, சீட்டு பூராம் காத்து வாங்குது. உக்கார்றதுக்கும் சேத்துத்தானே டிக்கெட்டு?" என்றார்.

"இருக்கட்டும்ண்ணே. பின்னாடி எங்க சின்ன மாமா இருக்காக."

"அவரு தூங்குறாரு."

"முழிச்சுட்டாகன்னா?"

திண்டுக்கல் வரைக்கும் நின்றார். சின்ன மாமா திண்டுக்கல் வரைக்கும் தூங்கினார்.

இந்த வழக்கத்தை யாரும் எழுதி ஒட்டவில்லை, யாரும் மிரட்டவும் இல்லை. பெரியவர் வாய் கடிந்து பேசுகிற ஆளே இல்லை. மருமகளை "ஏத்தா" என்றுதான் கூப்பிடுவார். அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் கேட்டால் அந்த வீட்டுப் பெண்கள் எழுந்து நிற்பார்கள். அவ்வளவுதான். மழை வந்தால் துணியை எடுப்பது மாதிரி.

இப்போது பொங்கலுக்கு வருகிறேன்.

காணும் பொங்கலன்று மந்தையில் விளையாட்டு. ஆண்களுக்குக் கபடி, கயிறு இழுத்தல், வழுக்கு மரம். பெண்களுக்குக் கோலம், எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் ஏந்தி நடப்பது, கடைசியாக இசை நாற்காலி. நாற்காலிகள் என்னுடையவை. அவற்றுக்குக் காவலாக நானும் போய்த்தானே ஆக வேண்டும்? போன இடத்தில் பாட்டை நிறுத்தும் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். எந்தத் தெருவையும் சேராத ஆள், எந்தப் பெண்ணுக்கும் உறவு கிடையாது. நூலகச் சுவரைப் பார்த்தபடி ஒரு மேஜை, அதன்மேல் டேப், மைதானத்துக்கு முதுகைக் காட்டி நான். நியாயத்தின் முழு உருவமாக உட்கார்ந்திருப்பதாக எனக்கு எண்ணம்.

பாட்டை ஓடவிட்டுத் திருட்டுத்தனமாக ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். நிலையில் சாய்ந்து நிற்கும் அந்த அம்மாளைக் காணோம். சேலையைத் தூக்கிச் செருகி, முந்தானையை இடுப்பில் இறுக்கி, முழங்காலை லேசாக மடக்கி, பூனை மாதிரி ஒருத்தி சுற்றி வந்துகொண்டிருந்தாள். 'ள்' என்று எழுதியதற்கு மன்னிக்க வேண்டும். அந்த வேகத்துக்கு 'ர்' போட நேரம் இல்லை. பாட்டு நின்றதும் பாய்ந்து உட்கார்ந்த வேகத்தில் ஏழாம் எண் நாற்காலி ஒரு முழம் பின்னால் நகர்ந்தது. அதே நாற்காலிக்கு வந்த இன்னொரு பெண், இவரைவிட இரண்டு மடங்கு பருமன், இவர் இடுப்பில் மோதிப் பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். "எங்கக்கா போறே? இது என் வீடு" என்றார் சேர் அக்கா, மூச்சு வாங்காமல்.

ஒவ்வொரு வருடமும் அவர்தான் ஜெயிப்பார். அந்த வீட்டுச் சமையலறையில் அவர் வாங்கிய தூக்குவாளிகள், அவர் வாங்கிய டப்பாக்கள். ஜெயித்த பிறகு அவர் செய்கிற காரியம்தான் விசேஷம். எழுந்திருக்கமாட்டார். மற்றவர்கள் போன பிறகும், காலியான வட்டத்துக்கு நடுவில், அந்த ஒற்றை நாற்காலியில், இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்து, மேற்கே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் மற்ற நாற்காலிகளை எண்ணி உள்ளே அடுக்கிவிட்டுக் காத்துக்கொண்டிருப்பேன். பரிசளிப்புக்கு வரும் மாமனாரின் மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் கேட்டதும் எழுந்து, சேலை முனையால் நாற்காலியைத் துடைத்து என்னிடம் கொடுப்பார். மறுநாள் காலை பத்து மணிக்கு வாசல் நிலையில் கொக்கு.

பெரியவர் பரிசளிப்பு நேரத்துக்குத்தான் மைதானத்துக்கு வருவார். காலை முழுக்கக் கபடியில் கத்திவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வருவார். பெண்கள் ஆட்டம் அதற்குள் முடிந்திருக்கும். ஆகவே, மருமகள் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளையாட்டு என்றால் அவருக்கு உயிர். மேஜையில் உட்கார்ந்து அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. இளவட்டமாக இருந்தபோது வெளியூர்ப் போட்டியில் எதிரணியில் ஆடியது அவருடைய தாய்மாமன். பாடி வந்த மாமனைக் காலைப் பிடித்துக் கவிழ்த்து மேலேயே உட்கார்ந்துவிட்டாராம். "மாமன் ரெண்டு வருசம் பேசலை. அப்புறம் அந்தப் பிடியை நெனச்சுப் பார்த்துட்டுப் பொண்ணைக் குடுத்துட்டாரு" என்பார். "கோட்டுக்குள்ள மாமன் மச்சான் கெடையாதுப்பா. கோட்டுக்கு வெளிய வந்து கால்ல விழுந்துக்க. உள்ள ஆட்டந்தேன்." கிழக்குத் தெருவும் மேற்குத் தெருவும் ஒன்றாகச் சாப்பிட ஆரம்பித்தது கபடிக்குப் போன இடத்தில்தான் என்றும் சொல்வார். "ஒரே டீமா போயி எறங்குனா எந்த ஊர்க்காரன் ரெண்டு அண்டா வைப்பான்? ஒரே அண்டாதேன். திங்கிறவன் தின்னு, இல்லேன்னா பட்டினி கெட. அம்புட்டுப் பேரும் தின்னோம். வெளையாட்டு இல்லேன்னா இது இன்னமும் ரெண்டு ஊரு சார்."

நான் இரண்டு வாரம் படித்ததன் சாரம் இது. அவர் டீ குடித்துக்கொண்டே சொன்னது.

இதையெல்லாம் வாசல் நிலையில் ஒருவர் தொடர்கதை படித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

நான் சொல்ல வந்த அந்த வருடம் கபடி சீக்கிரம் முடிந்துவிட்டது. இசை நாற்காலி இழுத்தது. கடைசியில் ஒரு நாற்காலி, இரண்டு பேர். சேர் அக்காவும், அதே வீட்டின் சின்ன மருமகளும். கல்யாணமாகி வந்து கொஞ்ச நாள்தான். கல்லூரியில் ஓட்டப்பந்தயம் ஓடிய பெண். மந்தையே பிளந்துகொண்டு கத்தியது. "அடியே சின்னவளே, விட்றாத!" "சேரக்கா, இந்தத் தடவை ஒனக்கு ஆப்புத்தேன்!" வட்டத்தைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியில் கோடு. கோட்டை ஒட்டி ஊரே குத்தவைத்திருந்தது.

நான் பாட்டை ஓடவிட்டுச் சுவரைப் பார்த்திருந்தேன். அப்போது சுவர் ஓரமாக, என் கண்ணுக்கு நேரே, மோட்டார் சைக்கிளில் பெரியவர் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. நான் எழுந்தேன். மரியாதைக்காக எழுந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. உடம்பு தானாக எழுந்தது. எழுந்த வேகத்தில் விரல் பொத்தானை அழுத்திவிட்டது.

பாட்டு நின்றது.

திரும்பிப் பார்த்தேன். குத்தவைத்திருந்த ஊர் முழுக்க எழுந்து நின்றது. ஆண்கள் தோள் துண்டை எடுத்திருந்தார்கள். சின்ன மருமகள், நாற்காலிக்கு ஒரு முழத்தில், செருகிய சேலையைப் படக்கென்று இறக்கிவிட்டுத் தலைகுனிந்து நின்றாள். மந்தையில் அந்த நேரத்தில் உட்கார்ந்திருந்தது ஒரே ஓர் ஆள்.

அப்படி ஒரு நிசப்தத்தை நூலகத்தில்கூட நான் கேட்டதில்லை.

சின்ன மருமகள்தான் முதலில் பேசினாள். "இது செல்லாது. மாமா வந்தாகன்னு நான் நின்னேன். இல்லேன்னா நாந்தேன் உக்காந்திருப்பேன்." நியாயமான பேச்சு. கமிட்டிக்காரர் ஒருவர் மைக்கை மறைக்காமலேயே சொன்னார்: "ஏத்தா, மொதல்ல எந்திரி. பெரியவரு நிக்கிறாருல்ல? மத்ததைப் பொறவு பேசிக்கலாம்."

சேர் அக்கா எழவில்லை. முகம் வெளுத்திருந்தது. கைப்பிடி இரும்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். எழுந்துவிட்டால் அந்த ஒரு நாற்காலியும் போய்விடும்; வருடத்தில் அந்த ஒரு பொழுதும் போய்விடும். எழாவிட்டால், பொழுது சாய்ந்ததும் போய்ச் சேர வேண்டிய வீடு ஒன்று இருக்கிறது. அங்கே உலை வைக்க வேண்டும். கூட்டத்திலிருந்து கணவர், நல்ல மனிதர், தரையைப் பார்த்துக்கொண்டே, "ஏ, எந்திரிப்பா" என்றார். கட்டளையைவிடக் கெஞ்சல்தான் அதில் அதிகம் இருந்தது.

"எந்திரிச்சா அவுட்டு" என்றார் சேர் அக்கா.

பெரியவர் காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். வட்டத்துக்கு அருகில் வந்ததும் சேர் அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். குரல் உடைந்துதான் வந்தது. ஆனாலும் வந்தது.

"மாமா, கோட்டுக்குள்ள மாமன் மச்சான் கெடையாதுன்னு நீங்கதான சொல்லுவீக. நான் இன்னும் கோட்டுக்குள்ளதேன் இருக்கேன்."

பெரியவர் குனிந்து பார்த்தார். அவர் செருப்பின் முனை சுண்ணாம்புக் கோட்டில் பட்டுக்கொண்டிருந்தது. ஓர் அடி பின்னால் வைத்தார். எதை மறந்தாலும் அந்தக் கால் கோட்டை மறக்காது.

"லைப்ரரி சார்!"

"ஐயா."

"பாட்டு நின்னுச்சா?"

"நின்னுச்சுங்கய்யா."

"யாரு நிறுத்துனா?"

"நாந்தான்."

"நான் வந்ததுக்காக நிறுத்துனீகளா?"

என் பணிக்காலத்தில் தணிக்கைக்கு வந்தவர்கள்கூட இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. "கை தானா அமுக்கிருச்சுங்கய்யா" என்றேன். இன்றுவரை அதைவிட நேர்மையான பதில் எனக்குத் தோன்றவில்லை.

அவர் யோசித்தார். ஊர் அவர் வாயைப் பார்த்தது. சின்ன மருமகளும் பார்த்தாள்.

"எவன் கை அமுக்குனா என்ன, பாட்டு நின்னது நின்னதுதேன். உக்காந்தது உக்காந்ததுதேன்" என்றார். சின்னவளைப் பார்த்து, "நீ நல்லாத்தான் ஓடுன ஆத்தா. உள்ள நிக்கும்போது வெளியப் பார்த்தா எப்பிடி? நானும் அப்பிடித்தேன் ஒரு தடவை அவுட்டானேன்" என்றார்.

பரிசாக வைத்திருந்த தூக்குவாளியை வாங்கினார். பிறகு செய்ததை அவர் யோசித்துச் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. கபடிக்காரர்கள் கோட்டைத் தாண்டி உள்ளே இறங்கும்போது மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அவர் செருப்பைக் கழற்றினார். மடங்காத காலைப் பின்னால் நீட்டி, மெல்லக் குனிந்து, மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பக்கத்தில் நின்றவர்களுக்கு அது கபடிக்காரர் பழக்கம். மந்தையின் அந்தக் கோடியில் நின்றவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்: நாற்காலியில் மருமகள், எதிரே குனிந்து நிமிரும் மாமனார்.

சேர் அக்கா தூக்குவாளியை இரண்டு கையாலும் வாங்கினார். உட்கார்ந்தபடியேதான் வாங்கினார். பிறகு எங்கேயோ ஒரு பெண் கை தட்டினாள். அதன் பிறகு நடந்தது சத்தம் என்ற சொல்லுக்குள் அடங்காது. நான் மற்ற நாற்காலிகளை எண்ண ஆரம்பித்தேன். எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் வேறாக வந்தது.

மறுநாள் காலை ஒரு புரட்சியை எதிர்பார்த்து நூலகத்தைக் கொஞ்சம் முன்னதாகவே திறந்தேன். மேஜைக்கு அருகில் ஏழாம் எண் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். பத்து மணிக்கு அவர் வந்தார். பத்திரிகையை எடுத்தார். நிலையில் சாய்ந்து நின்றார்.

"உக்காருங்கக்கா" என்றேன். குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்திருக்கலாம்.

என்னைப் புரியாமல் பார்த்தார். "ஆட்டம் நேத்தோட முடிஞ்சிருச்சே சார்."

பெரியவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் வெகுநேரம் அவர் பக்கத்தைப் புரட்டவில்லை என்பதை நான் பார்த்தேன்.

அடுத்த பொங்கலுக்கு முந்தின நாள், சுண்ணாம்புப் பொடி வாளியோடு வந்த ஆள், "வட்டம் எம்புட்டுப் பெருசு போடணும்?" என்று கேட்டார். பெரியவர், "பெருசாப் போடு" என்றார். "எம்புட்டு?" "போன வருசம் பொம்பளைக மோதிக்கிட்டுக் கோட்டுக்கு வெளிய போயி விழுந்தாளுக. பெருசாப் போடுடா." அவர் போடப் போட இவர், "இன்னும், இன்னும்" என்று காலை இழுத்துக்கொண்டே கூட நடந்தார். கோடு மந்தையைச் சுற்றியது. மேடையைச் சுற்றியது. கமிட்டிக்காரர்கள் உட்காரும் பந்தலைச் சுற்றியது. பெரியவரின் வீட்டு வாசலையும் உள்ளே இழுத்துக்கொண்டு நூலகத்தை நோக்கி வந்தது. நூலகத்தின் படிக்கு அருகில் வாளி காலியானது.

"பொடி தீந்துருச்சு, பெரியப்பா."

"சரி, விடு."

"வட்டம் மூடலையே?"

"விடுறா."

மூடாத அந்தக் கோடு பொங்கலுக்குப் பிறகும் கிடந்தது. மழை இல்லாத மாதம். ஒரு காலை சேர் அக்கா படி வரை வந்து, குனிந்து கோட்டின் முனையைப் பார்த்தார். மந்தைப் பக்கம் திரும்பி அது போகிற வழியைப் பார்த்தார். மேஜையைச் சுற்றி மாமனார், சின்ன மாமனார், கொழுந்தனார் என்று எல்லோரும் இருந்தார்கள்.

"சார், இது உள்ளயா, வெளியயா?"

"தெரியலையேக்கா. கோடு மூடலை."

"மூடலேன்னா எங்கன உள்ள, எங்கன வெளிய?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். பத்திரிகையை எடுத்தார். மேஜையின் கடைசி நாற்காலியை இழுத்தார். இரும்புக் கால் சிமெண்டில் உரசிய சத்தத்தில் சின்ன மாமனார் விழித்துக்கொண்டார். சேர் அக்கா உட்கார்ந்தார். பெரியவர் தன் செய்தித்தாளில் நடுப்பக்கத்தை உருவி, மேஜைமேல் அவர் பக்கமாகத் தள்ளினார். "வெளையாட்டுச் செய்தி இருக்கு" என்றார், எங்களில் யாரையும் பார்க்காமல்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் வேறு பெண்களும் வர ஆரம்பித்தார்கள். சின்ன மருமகளும் வந்தாள். ஒருகட்டத்தில் நாற்காலிகள் போதவில்லை என்று மேலிடத்துக்கு எழுதினேன். வாசகர் எண்ணிக்கையை வைத்துப் பார்க்கும்போது இருப்பதே அதிகம் என்று பதில் வந்தது. அது பழைய எண்ணிக்கை. எனக்கு மாற்றல் வந்து கிளம்பும்போது சேர் அக்காதான் ரகசியத்தைச் சொன்னார். "பாட்டை நிறுத்துறதுக்கு முன்னாடி ஒங்க எடது தோளு தூக்கும் சார். நான் சேரைப் பார்க்கவே மாட்டேன், ஒங்க தோளைத்தேன் பார்ப்பேன். அன்னைக்கு முழு ஆளே எந்திரிச்சீக. அதான் உக்காந்துட்டேன். மாமா வந்தது உக்காந்த பெறகுதேன் தெரியும்."

"தெரிஞ்ச பிறகு?"

"தெரிஞ்ச பெறகுதேன் பயமா இருந்துச்சு" என்றார்.

இவ்வளவையும் கல்லூரியில் சொன்னேன். மாணவர்கள் அசையாமல் கேட்டார்கள். உடற்கல்வி இயக்குநர் மட்டும், கபடி எப்போது வரும் என்ற முகத்தோடு கடைசி வரை காத்திருந்தார். எனக்கோ உள்ளுக்குள் பெருமை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அந்த ஊருக்குப் பேருந்து ஏறினேன். நின்றுகொண்டுதான் போனேன், டாக்டர் சொல்படி.

பெரியவர் இப்போது இல்லை. சேர் அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு, உள்ளே குரல் கொடுத்து இன்னொரு நாற்காலியை வரவழைத்தார். "உக்காருங்க சார்."

"இருக்கட்டும்க்கா."

"எம்புட்டு வருசம் கழிச்சு வந்திருக்கீக. உக்காருங்க."

"இருக்கட்டும்க்கா. இந்தா கெளம்பிருவேன்."

பூவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். வேறு வழியில்லாமல் நூலக வார விழாவையும் வால் எலும்பையும் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார். பேச்சை மாற்ற வேண்டி, கல்லூரி மேடையில் அவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியதையும், இந்த தேசத்தின் விளையாட்டு வரலாற்றில் அவருக்கு இருக்கிற இடத்தைப் பற்றியும், அரங்கம் வாயடைத்துப்போய்க் கேட்டதையும் சொல்லி முடித்தேன்.

சேர் அக்கா கட்டிய பூவை மடியில் வைத்துவிட்டு, நின்றுகொண்டிருந்த என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதைப் பேசுறதுக்கு, உக்காரத் தெரியாத ஆளையா சார் கூப்புட்டாக?" என்றார்.